பழைய பொறியும் புதிய திரையும்

ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் எளிதில் எறிந்துவிட மாட்டார்கள். மாற்றல் உத்தரவு கைக்கு வந்த நாள்முதல், எதைக் கட்டி எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று வீட்டில் ஒரு வழக்கே நடக்கும். அந்த வழக்கில் இட்டலிப் பானை ஒருநாளும் தோற்றதில்லை. குத்துவிளக்கும் தோற்றதில்லை. மூன்று ஊர் சுற்றிய இரும்புப் பெட்டியும் எப்படியோ லாரியில் ஏறிவிடும். அண்மைக் காலத்தில் அடிக்கடி தோற்றுப்போகும் பொருள் ஒன்று உண்டென்றால், அது பழைய கணிப்பொறிதான். கபாடிக்காரர் வருகிறார், தராசில் வைக்கிறார், இரும்பு விலை சொல்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. கொடுக்கும் நாமும் பல வேளைகளில் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்தகைய பழைய கணிப்பொறி ஒன்றை இக்காலத்து உயர்தெளிவுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்க முடியுமா? முடியும். எப்படி முடியும், எதற்காக அந்தப் பாடு என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மலரில் கம்பியும் துளையும் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் வியக்கக்கூடும். கடிதமும் எழுத்துத்தானே? எழுதப்பட்ட ஒன்று உரியவர் கண்ணுக்குப் போய்ச் சேரும்வரை அது பாதி வழியில்தான் நிற்கிறது. அந்த மீதி வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, 2003-ஆம் ஆண்டில் மத்திய அரசின் எழுத்தர் பணிக்காக டில்லிக்கு வந்தவன். கோப்புக்கு எண் இடுவதும் குறிப்பு எழுதுவதும் என் தொழில். 2006-இல் அலுவலகத்தில் முன்பணம் பெற்று, நேரு பிளேஸ் கடைகளில் பகுதி பகுதியாக வாங்கிப் பொருத்திய கணிப்பொறி ஒன்று ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள எங்கள் அரசுக் குடியிருப்பில் இன்றும் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயக்க முறையில் ஓடுவது அது. அம்முறைக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. ஆகவே அந்தப் பொறியை இணையத்தோடு சேர்ப்பதில்லை. ஊர்வம்புக்குப் போகாத முதியவரைப் போல அது தன் பாட்டுக்கு மூலையில் இருக்கிறது.

அதன் உள்ளே 143 கடிதங்கள் இருக்கின்றன.

என் தந்தையார் தென்னக ரயில்வேயில் பணிபுரிந்தவர். மணமான புதிதில், 1969 முதல் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், சிறிய நிலையங்கள் பலவற்றுக்கு மாறி மாறிச் சென்றார். அம்மா அக்காலத்து மாயவரத்தில் மாமியார் வீட்டில் இருந்தார். வாரத்துக்கு ஒரு இன்லண்டு கடிதம் வருமாம். அவற்றில் எஞ்சியவை 143. 2008-இல் தந்தையார் மறைந்தார். 2010-இல் ஊர் வீட்டைக் காலி செய்தபோது, மடிப்புகளில் இற்றுப்போயிருந்த அந்தக் காகிதங்களை டில்லிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணிப்பொறியில் சேர்த்தேன். அஞ்சல் முத்திரையின் தேதியைக் கொண்டு பெயரிட்டேன். உள்ளே படிக்கவில்லை. பிறருக்கு எழுதிய கடிதத்தைப் படிப்பது, அது பெற்றோரின் கடிதமாயினும், முறையன்று.

2022-ஆம் ஆண்டில் அம்மாவின் பார்வை மங்கலாயிற்று. சி.ஜி.எச்.எஸ். மருந்தகத்திலிருந்து அகில இந்திய மருத்துவக் கழகத்தின் கண் மையத்துக்கு அனுப்பினார்கள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவருகிறது என்றார் மருத்துவர். முதுமையில் பலருக்கு வரும் நோய் அது. சுற்றிலும் உள்ளவை தெரியும். நேர் எதிரே நோக்கும் இடத்தில் மட்டும் ஒரு மறைப்பு விழும். நேர்க்கோடு வளைந்து தோன்றும். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. எழுத்து மிகப் பெரிதாகவும், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வேறுபாடு நன்கு தெரியும்படியும் இருந்தால் படிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் நாள்தோறும் ஏதேனும் படிப்பவர். பத்திரிகை போயிற்று, பஞ்சாங்கம் போயிற்று. அவற்றை யாரேனும் படித்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார். ஒருநாள் இரும்புப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த கடிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே தடவிக்கொண்டிருந்தார். "நான் படித்துக் காட்டட்டுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அது நீ படிக்கிற காகிதம் இல்லே."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கணவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை மகன் உரக்கப் படிக்க, தாய் அமர்ந்து கேட்பது நம் வீடுகளில் நடவாத செயல். மருமகள் படிப்பதும் நடவாது. பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அது ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துகளைக் காட்டியது. கை நடுங்கினால் அவையும் ஓடின. மங்கிய மையை அது கறுப்பாக்கவும் இல்லை. அவர் தாமே படிக்க வேண்டும். அதற்கு எழுத்து உள்ளங்கை அகலம் வளர வேண்டும். எங்கள் கூடத்தில் 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. கடிதங்கள் கணிப்பொறியில் இருந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் ஆறடி.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியில் செருகினால் போதாதா? விழாப் படங்களைக் காண்பதற்கு அது போதும். ஆனால் எங்கள் பெட்டி படத்தை ஓரிரு படிகளுக்கு மேல் பெரிதாக்காது. பெரிதாக்கிய படத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக நகர்வது ரிமோட்டின் பொத்தான்களால் ஆகிற காரியமன்று. கணிப்பொறியிலோ எட்டு மடங்கும் பெரிதாக்கலாம். சுட்டியால் மெல்ல இழுத்துக்கொண்டே போகலாம். நிறங்களைத் தலைகீழாக்கி, கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகக் காட்டலாம். மருத்துவர் சொன்ன வேறுபாடு அதில்தான் கிடைத்தது.

ஆகவே பொறியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு என்னும் வரைகலை அட்டைதான் கணிப்பொறியின் கணக்கைப் படமாக மாற்றி வெளியே அனுப்புவது. அக்காலத்து அட்டைகள் பலவற்றில் இருந்ததுபோல் எங்களுடையதிலும் மூன்று வாய்கள் இருந்தன. அவை மூன்றும் மூன்று காலங்களைச் சேர்ந்தவை.

முதலாவது நீல நிறத்தது. ஐந்தைந்தாக மூன்று வரிசையில் பதினைந்து துளைகள் கொண்டது. வி.ஜி.ஏ. எனப்படும் இது 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணிப்பொறிகளோடு வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் கம்பி. நிறம் எவ்வளவு ஒளிர வேண்டுமோ அவ்வளவுக்கு மின்னழுத்தம் ஏறி இறங்கும். முழு ஒளிக்கு 0.7 வோல்ட்டு. பாட்டுக்காரரின் குரல் ஏறி இறங்குவதுபோல் தொடர்ந்து ஓடும் அலை அது.

இரண்டாவது சிறிய வட்டம், நான்கு துளைகள். எஸ்-வீடியோ என்பது அதன் பெயர். பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்காகவே வைத்தது. நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-இல் டில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு 1975-இல் வந்தது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த ஆண்டில், வண்ணம் பெற்றது. அந்த முறையில் ஒரு படம் 625 கோடுகள் கொண்டது; அவற்றுள் கண்ணுக்குத் தெரிவன 576. அவையும் ஒரே வீச்சில் வருவதில்லை. ஒற்றைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைக் கோடுகள் ஒருமுறை என்று மாறி மாறி வரும். மனித முகத்துக்கு அது போதும். எழுத்துக்குப் போதாது. மெல்லிய கோடு துடிக்கும். புள்ளி வைத்த மெய் புள்ளியை இழக்கும். மேலும், இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் அவ்வாயே இல்லை. எனவே அதை விலக்கிவிடலாம்.

மூன்றாவது வெண்ணிறமான நீண்ட வாய். டி.வி.ஐ. எனப்படுவது, 1999-இல் வகுக்கப்பட்டது. இதிலே ஏறி இறங்கும் அலை இல்லை. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாக்கப்பட்டு, எண்ணாகவே செல்கிறது. மூன்று வரிசைகளில் 24 துளைகள். பக்கத்தில் தட்டையான ஒரு துளை. அத்தட்டைத் துளையைச் சுற்றி மேலும் நான்கு துளைகள் இருந்தால், பழைய அலையையும் அது கூடவே தருகிறது என்று பொருள். இல்லையேல் எண் மட்டும்.

தொலைக்காட்சியின் பின்புறம் இருந்ததோ எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான சிறு வாய். பத்தொன்பது பின்கள் கொண்டது. அதன் முதல் இலக்கணம் 2002 டிசம்பரில் வெளிவந்தது. படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்ல வகுத்த முறை அது. சில ஆண்டுகளுக்கு முன்வரை வந்த பெட்டிகள் பலவற்றில் கணிப்பொறிக்கென்று நீல வாயும் இருந்தது. அது உள்ள வீட்டில் பாதி வேலை முன்னரே முடிந்தது, வி.ஜி.ஏ. கேபிளை நேரே செருகிவிடலாம். எங்கள் பெட்டியில் அது இல்லை.

ஒரு சனிக்கிழமை நேரு பிளேஸுக்குச் சென்றேன். படிக்கட்டின் ஓரத்தில் கேபிள்களை மாலைபோல் தொங்கவிட்டிருந்த சிறு கடையில் முதிய சர்தார்ஜி ஒருவர் அமர்ந்திருந்தார். பழைய கணிப்பொறியைப் புதிய தொலைக்காட்சியுடன் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் எந்தக் கேபிளையும் எடுக்கவில்லை. "பாய் சாஹிப், கொடுப்பது எது, வாங்குவது எது? அதை முதலில் சொல்லுங்கள்" என்று இந்தியில் கேட்டார்.

எளிய கேள்வி, ஆனால் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு முனையில் வி.ஜி.ஏ., மறுமுனையில் எச்.டி.எம்.ஐ. உள்ள கன்வர்ட்டர் என்று கேட்டால் கடையில் இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஒன்று பழைய கணிப்பொறியிலிருந்து வாங்கிப் புதிய திரைக்குக் கொடுப்பது. மற்றொன்று புதிய கணிப்பொறியிலிருந்து வாங்கிப் பழைய திரைக்குக் கொடுப்பது. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது. தமிழிலிருந்து இந்திக்குப் பெயர்ப்பவர் எல்லாரும் இந்தியிலிருந்து தமிழுக்குப் பெயர்க்க வல்லவர் அல்லரே! மேலும், உள்ளே சில்லு எதுவுமின்றி, இரு முனைகளிலும் இரு தலைகளை மட்டும் பொருத்திய வெறுங்கேபிளும் விற்கிறது. ஏறி இறங்கும் அலையை எண்ணாக மாற்றும் ஆள் அதற்குள் இல்லை. துளையில் அது பொருந்தும், படம் வராது. உண்மையான கன்வர்ட்டருக்குள் ஒரு சில்லு உண்டு. அதற்கு மின்சாரமும் வேண்டும். ஆதலால் யு.எஸ்.பி. வால் ஒன்று அதனுடன் தொங்கும். வாங்கும்போது அந்த வாலைத் தேடிப் பார்ப்பது நல்லது.

டி.வி.ஐ. வாய் இருப்பதாக நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் மொழிபெயர்ப்பாளரே வேண்டாம், இரண்டும் ஒரே பேச்சு" என்றார். உண்மைதான். டி.வி.ஐ.யும் எச்.டி.எம்.ஐ.யும் படத்தை எண்ணாக அனுப்பும் முறை ஒன்றே. பின்னதை வகுத்தவர்கள் முன்னதன் முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வாயின் வடிவம்தான் வேறு. எனவே ஒரு முனை டி.வி.ஐ., மறுமுனை எச்.டி.எம்.ஐ. உள்ள கேபிள் ஒன்றே போதும். சில்லு வேண்டாம், தனி மின்சாரம் வேண்டாம். சில நூறு ரூபாயில் காரியம் முடிந்தது.

இணைக்கும்போது இரண்டு பெட்டிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பழைய குடியிருப்புகளில் நில இணைப்புச் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. டிஷ் கேபிளின் உலோக உறையும் கணிப்பொறியின் உலோக உடலும் தொடும் வேளையில் கை சுண்டும். வாய் தீயவும் கூடும். இன்னொரு முன்னேற்பாடும் உண்டு. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்களில் கண் உறுத்தாமலிருக்க, படம் நொடிக்கு 85 முறை புதுப்பிக்கும்படி வைத்திருப்போம். தொலைக்காட்சி அதை ஏற்காது. இம்முறை ஏற்புடையதன்று என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டுவிடும். பழைய மானிட்டர் இணைந்திருக்கும்போதே அதை 60 ஆக்கிவிட்டுக் கம்பியை மாற்றுவது நலம்.

இவற்றையெல்லாம் செய்து பொத்தானை அழுத்தியதும் படம் வந்தது. வந்த படம் திரையின் அளவை எப்படி அறிந்தது என்பது என்னைப் போன்ற எழுத்தருக்குச் சுவையான செய்தி. புதிய அலுவலகத்தில் சேரும் ஊழியர் தம் பணி விவரத்தை எழுதிக் கொடுப்பதுபோல, கம்பி இணைந்த அந்த நொடியில் தொலைக்காட்சி ஒரு சிறு விவரப் பட்டியலை அட்டைக்கு அனுப்புகிறது. நான் இன்ன நிறுவனத்தார் செய்த பெட்டி, இன்ன அளவுகளை ஏற்பேன், இதுவே எனக்கு உகந்தது என்று அதில் இருக்கும். அப்பட்டியலின் அடிப்படை அளவு 128 பைட்டுகள். தமிழில் தட்டெழுதினால் நான்கைந்து வரிகூடத் தேறாது. அதைப் படித்துக்கொண்டுதான் அட்டை பேசத் தொடங்குகிறது. மட்டமான கேபிளிலோ கன்வர்ட்டரிலோ அந்தப் பட்டியல் செல்லும் கம்பி விட்டுப்போயிருந்தால், எதிரே இருப்பவர் யாரென்று தெரியாமல் அட்டை தயங்கிச் சிறிய படத்தையே தரும். பழுது அட்டையில் என்று எண்ணி அதை மாற்றப் புறப்படுமுன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

முழு உயர்தெளிவுப் படம் என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள், ஆக 20,73,600. நொடிக்கு 60 படம். இடையில் விடும் வெற்று நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு 14 கோடியே 85 லட்சம் புள்ளிகளின் கணக்கு. பழைய டி.வி.ஐ. வாய் ஒற்றை இணைப்பில் 16 கோடியே 50 லட்சம் வரை தாங்கும். எனவே அது போதும், மிச்சமும் உண்டு. இன்று விற்கும் 4கே பெட்டிகள் இதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டவை. அவ்வளவையும் நிரப்பப் பழைய அட்டையால் இயலாது. ஆயினும் அப்பெட்டிகள் 1920-க்கு 1080 படத்தையும் வாங்கி, தாமே பெரிதாக்கிக் காட்டும். ஆதலால் பெட்டி புதிதென்பதற்காகப் பழைய பொறியை விலக்க வேண்டியதில்லை.

படம் வந்தபின் ஒரு குறை தெரிந்தது. நான்கு ஓரங்களும் சிறிது வெட்டுண்டிருந்தன. கீழே இருக்க வேண்டிய கடிகாரத்தைக் காணோம். கடிதத்தைத் திறந்தால் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் சட்டத்துக்கு வெளியே போயிற்று. பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளில் மின்னழுத்தம் மாறினால் படம் சுருங்கும், விரியும்; குழாய் முதுமையடைந்தாலும் அப்படியே. ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியாதிருக்க, படத்தை வேண்டுமென்றே சட்டத்தைவிடப் பெரிதாக்கி ஓரங்களை மறைத்துவிடுவார்கள். ஒளிபரப்புவோரும் அதை அறிந்து எழுத்தை நடுவில் அமைப்பார்கள். இன்றைய தட்டைத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் வரையறுத்திருக்கிறது. மறைப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. ஆயினும் பல பெட்டிகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காரணம் போனபின்னும் பழக்கம் நிற்பதை நாம் மனிதரிடத்தில்தான் கண்டிருக்கிறோம், பொறியிடத்திலும் உண்டு.

இதற்கு மருந்து தொலைக்காட்சியின் பட்டியலிலேயே இருக்கிறது. சில பெட்டிகளில் ஸ்கிரீன் ஃபிட் என்றும், சிலவற்றில் ஜஸ்ட் ஸ்கேன் என்றும், வேறு சிலவற்றில் ஃபுல் பிக்சல் என்றும் பெயர். அதைத் தேர்ந்தால் புள்ளிக்குப் புள்ளி பொருந்தும். உள்ளீட்டுக்குப் பி.சி. என்று பெயரிட்டாலே சில பெட்டிகள் தாமே திருந்திவிடும். கூர்மை என்னும் அளவையும் குறைக்க வேண்டும். அது திரைப்படத்துக்காகப் படத்தின் விளிம்புகளில் வெண்கோடு ஏற்றுவது. எழுத்தைச் சுற்றி அது ஒரு நிழல் எழுத்தை உண்டாக்கும். கண் மங்கியவருக்கு இரண்டு எழுத்துகள் இருந்தால் ஒன்றும் தெரியாது.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். அக்காலத்து டி.வி.ஐ. வாயிலிருந்து பெரும்பாலும் படம் மட்டுமே வரும். பாட்டுக் கேட்க வேண்டுமாயின், கணிப்பொறியின் பச்சைத் துளையிலிருந்து ஒலிக்கம்பியைத் தொலைக்காட்சியின் ஒலி உள்ளீட்டுக்கோ தனி ஒலிபெருக்கிக்கோ கொண்டுசெல்ல வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. உரக்க ஒலிக்கக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்.

தந்தையாரின் கையெழுத்து சிறியது. இன்லண்டுக் காகிதத்தில் இடம் மிச்சம் பிடிக்கப் பழகிய கை. ஓர் எழுத்து மூன்று மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்த அந்த எழுத்தை நான்கு மடங்காக்கினால், எங்கள் திரையில் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். முதல் கடிதத்தைத் திறந்து, தேதி எழுதிய மூலையை மட்டும் காட்டி, "தெரிகிறதா, அம்மா?" என்றேன். அம்மா தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, மறைப்பு விழாத கண்ணோரத்தால் நோக்கினார். "மாசம் ஐப்பசின்னு எழுதியிருக்காங்க" என்றார். பின்பு, "நீ போ, தம்பி" என்றார்.

சுட்டியை நகர்த்துவதற்கு ஆள் வேண்டுமே! அம்மா தேர்ந்தெடுத்த ஆள் என் மகள். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. டில்லியில் பிறந்தவள், வீட்டில் தமிழ் பேசுவாள், பள்ளியில் தமிழ் இல்லாமையால் எழுத்து அறியாள். நம் பிள்ளைகள் தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் நாம் வருந்தும் வருத்தம் எனக்கும் உண்டு. என் அம்மாவுக்கோ அந்தக் குறையே தகுதியாகத் தோன்றியது. படிக்கத் தெரியாத பிள்ளையின் முன்னால் எதையும் திறந்து வைக்கலாம் அல்லவா?

நாள்தோறும் மாலையில் கூடத்தின் கதவு அரைமணி நேரம் சாத்தியிருக்கும். நானும் என் மனைவியும் சமையலறையில் இருப்போம். உள்ளே பேச்சு அதிகம் கேட்காது. "கொஞ்சம் வலப்பக்கம்", "அங்கேயே நிறுத்து", "அடுத்த வரி" என்று அம்மாவின் குரல் கேட்கும். சில நாளில் சிரிப்புக் கேட்கும். சில நாளில் நெடுநேரம் ஒன்றும் கேட்காது. அப்போது மகள் மெல்ல வந்து, "அப்பாயி அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க" என்பாள். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் எழுத்து நாள்தோறும் எதிரே நின்றால் பிள்ளை சும்மா இருப்பாளா? "இந்தச் சுழி போட்டது என்ன எழுத்து, அப்பாயி?" என்று தொடங்கியிருக்கிறாள். அம்மாவும் விளையாட்டாகச் சொல்லிவந்திருக்கிறார். திரைக்கு அருகே சென்று, விரலால் அதன் வளைவைக் காற்றில் வரைந்து காட்டியும் இருக்கிறார். இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, அடுத்த வரி வருமுன்னரே மகள் அதன் முதல் சொல்லை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துவிட்டாள். என்ன சொல் என்பதை இருவருமே எங்களிடம் சொல்லவில்லை. அம்மா மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இனிமே அந்த எலியை நானே நகர்த்திக்கறேன். எப்படின்னு காட்டிக் குடு, தம்பி" என்றார்.

எழுபத்தைந்து வயதில் அவர் சுட்டி பிடிக்கக் கற்றார். மகளுக்கு இப்போது என் மனைவி வேறு நூல்களைக் கொண்டு தமிழ் கற்பிக்கிறாள். கடிதங்கள் அம்மாவிடமே இருக்கின்றன.

இதிலிருந்து நான் தெளிந்தது ஒன்றே. பழையதும் புதியதும் சேர்வதற்கு வாயின் வடிவம் ஒத்திருக்க வேண்டியதில்லை. வடிவம் ஒத்திருந்தால் சேர்ந்துவிடும் என்பதும் இல்லை. கொடுப்பவர் என்ன மொழியில் கொடுக்கிறார், வாங்குபவர் எதை ஏற்பார் என்று கேட்டறிய வேண்டும். மொழி ஒன்றாயின் வெறுங்கம்பி போதும். மொழி வேறாயின் இடையில் இரண்டும் அறிந்த ஒருவர் வேண்டும். அவருக்கு உணவும் அளிக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்தால் இருபது ஆண்டு இடைவெளி ஆறடிக் கம்பிக்குள் அடங்கிவிடும்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய பழைய பொறிகள் பரணில் இருக்கக்கூடும். ஊரில் எடுத்த திருமணப் படம், தாத்தாவின் கணக்குப் புத்தகம், யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் என்று அதில் ஏதேனும் இருக்கும். எடைக்குப் போடுமுன் அதன் பின்புறத்தைப் பாருங்கள். நீள வெண்வாய் இருந்தால் கேபிள் ஒன்று வாங்குங்கள்; நீல வாய் மட்டும் இருந்தால், தொலைக்காட்சியிலும் அவ்வாய் உண்டா என்று பார்த்துவிட்டு, இல்லாதபோது வால் உள்ள கன்வர்ட்டரை வாங்குங்கள். இயங்கத் தொடங்கிய அன்றே உள்ளிருப்பவை அனைத்தையும் வேறொரு வட்டில் படி எடுத்து வையுங்கள். பழைய வட்டு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிற்பதில்லை. படி எடுத்தபின் ஒவ்வொரு தொகுப்புக்கும் பெயரிடும்போது, என்ன பொருள் என்பதோடு யாருக்கு உரியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உரியவர் நம்மோடு இருக்கும் நாளிலேயே அது அவர் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும்.